பின்கள வீரரின் கணக்கைக் கோலால் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்து வீரர்களைப் பற்றிய குறிப்பு வரும்போது கூடவே ஒரு சிறு அட்டவணையும் வருகிறது. கிளப், ஆண்டு, ஆட்டங்கள், கோல்கள் என்று நான்கு கட்டங்கள். முன்கள வீரருக்கு அது போதும். பின்கள வீரருக்கும் அதே அட்டவணையைப் போடும்போது அவர் என்ன வேலை செய்தார் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பு வீரர்) இடத்தில் ஆடப் பழகும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறோம்.

நெதர்லாந்தின் யாப் ஸ்டாமையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு கட்ட அட்டவணையில் அவருடைய மான்செஸ்டர் யுனைடெட் காலம் இப்படி வரும்: 1998–2001, 127 ஆட்டங்கள், 1 கோல். அந்த ஒரு கோலும் 1999 ஜனவரியில் லெஸ்டர் அணியை 6–2 என்று வென்ற ஆட்டத்தில் வந்தது. அது விழாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் அவர் அங்கே ஆடிய மூன்று பருவங்களிலும் யுனைடெட்தான் இங்கிலாந்தின் சாம்பியன். முதல் பருவத்தில் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் சேர்த்து வென்றார்கள். இதில் அவருடைய பங்கு எது என்று அட்டவணை சொல்லாது.

பின்கள வீரர் லீக் மாறும்போது அவருடைய வேலையே மாறிவிடுகிறது. முன்னால் நிற்கும் நடுகள வீரர் யார், பக்கத்தில் நிற்கும் ஜோடி யார், முதுகுக்குப் பின்னால் எத்தனை மீட்டர் வெற்றிடம், கோல்கீப்பர் கோல்கோட்டிலிருந்து முன்னே ஏறி வருபவரா என்ற நான்கையும் கேட்காமல் ஒரு ஸ்டாப்பரை அளக்க முடியாது.

ஸ்டாம் 1972 ஜூலை 17 அன்று காம்பன் என்ற ஊரில் பிறந்தவர். உயரம் 1.91 மீட்டர். உள்ளூர் அமெச்சூர் கிளப்பிலிருந்து 1992இல், 20 வயதில், இரண்டாம் டிவிஷன் அணியான ஸ்வோல்லெவுக்கு வந்தார். அந்த ஆண்டை இரண்டாவது காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். சொந்த அணி வீரர் காலால் வேண்டுமென்றே கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நெருக்கடி வந்தால் ஸ்டாப்பர் பந்தைப் பின்னால் தட்டிவிடுவார், கீப்பர் கையில் எடுத்துக்கொள்வார். அந்த வசதி போனபின், பந்து காலுக்கு வரும்போதே அடுத்த பாஸைத் தீர்மானித்து வைக்கத் தெரியாதவர்கள் திணறினார்கள். ஸ்டாம் பழைய பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய தொழில் வாழ்க்கையே புதிய விதியோடுதான் தொடங்கியது.

ஸ்வோல்லெ ஒரு பருவம், காம்பூர் இரண்டு பருவம், வில்லெம் 2 அணியில் அரைப் பருவம் என்று படிப்படியாக ஏறி 1996இல் பிஎஸ்வி ஐந்தோவனுக்குப் போனார். 1996–97 லீக் பட்டம், 1997இல் நெதர்லாந்தின் சிறந்த வீரர் விருது. அங்கிருந்து 1998இல் ஒரு கோடிப் பவுண்டுக்கும் சற்று அதிகமான தொகைக்கு யுனைடெட் வாங்கியது. அன்று ஒரு பின்கள வீரருக்குக் கொடுக்கப்பட்ட தொகைகளில் அதுவே உச்சம்.

வந்த புதிதில் அவரைப் பலரும் குறை சொன்னார்கள். 1998 ஆகஸ்டில் வெம்பிளியில் ஆர்சனலிடம் 0–3, செப்டம்பரில் லீகிலும் ஆர்சனலிடம் 0–3. ஆள் மெதுவாகத் திரும்புகிறார், பணம் வீண் என்று எழுதினார்கள். கோளாறு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டு நடுகள வீரர்களான பெக்கமும் கிக்ஸும் மேலே நின்ற அணி அது. பக்கவாட்டுப் பின்கள வீரர்களும் அவர்களைத் தாண்டி ஏறுவார்கள். பந்து பறிபோனால் நடுவில் நடுகள வீரர் கீனையும் இரண்டு ஸ்டாப்பர்களையும் தவிர ஆள் இருக்காது. அந்த இருவரும் நடுக்கோட்டுக்கு அருகே, பின்னால் 40 மீட்டருக்கு மேல் திறந்த புல்வெளியை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆர்சனலின் அனெல்கா போன்ற வேகமான முன்கள வீரருக்கு அந்தப் புல்வெளி போதும். பெனால்டி பெட்டிக்குள் நின்று தலையால் பந்தை விலக்குபவரை அங்கே நிறுத்தினால் யாராக இருந்தாலும் தடுமாறுவார். ஸ்டாம் சில வாரங்களிலேயே பழகிக்கொண்டதற்குக் காரணம், அந்த உயரத்துக்கு அபூர்வமான ஓட்ட வேகமும், அதைவிட முக்கியமாக அவர் நின்ற விதமும்.

நிற்கும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பயிற்சியில் அதிகம் தவறுவது இங்கேதான். எதிராளி பந்தோடு நேராக வரும்போது இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்து, மார்பைக் காட்டி நின்றால் முடிந்தது. பந்து கால்களுக்கு நடுவே போகும், இல்லையென்றால் எந்தப் பக்கம் போனாலும் திரும்புவதற்கு ஓர் அடி கூடுதலாகும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இடுப்பு பாதி திரும்பியபடி, முழங்கால் மடங்கி, எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போகவிடலாம் என்பதை ஸ்டாப்பர் முடிவு செய்து, மறுபக்கத்தை அடைத்து நிற்க வேண்டும். பெரும்பாலும் பக்கக்கோட்டை நோக்கி, அல்லது எதிராளியின் பலவீனமான காலை நோக்கி. முன்கள வீரர் கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்து வாங்கினால் இடைவெளி ஒரு கை நீளம். அதைவிட ஒட்டினால் அவர் உங்கள் உடம்பையே அச்சாக வைத்துச் சுழன்று போய்விடுவார். இரண்டு மீட்டர் விட்டால் தாராளமாகத் திரும்பி அடிப்பார். பந்து அவர் காலிலிருந்து அரை எட்டுக்கு மேல் விலகும் நொடியில் மட்டும் காலை நீட்ட வேண்டும். அந்த நொடி வராவிட்டால் பின்வாங்கிக்கொண்டே காலத்தைக் கடத்த வேண்டும், உதவிக்கு ஆள் வரும் வரை.

உயரமானவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம். திரும்புவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் அரை எட்டு முன்னதாகவே புறப்பட வேண்டும். அதற்குப் பந்து வருவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த அரை எட்டு கிடைக்காது.

1998இல் இன்னொன்றும் நடந்தது. எதிராளிக்கு ஆபத்து விளைவிக்கும்படி பின்னாலிருந்து டாக்கிள் செய்தால் (காலை நீட்டிப் பந்தைப் பறிக்கப் போனால்) சிவப்பு அட்டை என்று உலகக் கோப்பைக்கு முன் கண்டிப்பான உத்தரவு வந்தது. தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை வீரம் என்று நினைத்தவர்கள் அதன்பின் அட்டை வாங்கினார்கள். நின்றபடியே பந்தைப் பறிப்பவர்களின் மதிப்பு கூடியது.

1999 ஏப்ரல் 21, டூரினில் யுவென்டஸுடன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. 11 நிமிடத்துக்குள் இன்சாகி இரண்டு கோல். இரண்டாவது ஸ்டாமின் மேல் பட்டுத் திசைமாறி கீப்பர் ஷ்மைக்கலின் தலைக்கு மேல் போய் விழுந்தது. அடியின் பாதையை அடைக்கக் காலை நீட்டுவது ஸ்டாப்பரின் வேலை, அது பட்டுத் திரும்புவது அவர் கையில் இல்லை. மீதி 79 நிமிடமும் அந்த மைதானத்தில் யுனைடெட் ஒரு கோல்கூட வாங்கவில்லை, 3–2 என்று வென்று இறுதிக்குப் போனது. அந்த 79 நிமிடத்துக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. மே 26இல் பார்சலோனாவில் பயர்னை 2–1 என்று வென்று கோப்பையையும் எடுத்தார்கள்.

அதற்கு மாறாக, 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை (யூரோ) அரையிறுதியில் அவர் பெனால்டியைக் கோல்கம்பத்துக்கு மேலே அடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் அன்று 120 நிமிடம் இத்தாலிக்கு நெதர்லாந்து ஒரு கோலும் கொடுக்கவில்லை என்பது பலருக்கு நினைவில்லை. ஆட்டத்தின் நடுவே கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் மற்றவர்கள் வீணாக்கியிருந்தார்கள் என்பதும் மறந்துபோயிற்று. பின்கள வீரரின் தவறுக்குப் படம் உண்டு, சரியான வேலைக்குப் படம் கிடையாது. இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

இனி 2001. ஆகஸ்ட் மாத இறுதியில் யுனைடெட் அவரை இத்தாலியின் லாசியோவுக்கு, ஒன்றரைக் கோடிப் பவுண்டுக்கும் மேல் வாங்கிக்கொண்டு, விற்றுவிட்டது. அவருக்கு வயது 29. அந்த இடத்துக்கு வந்தவர் 35 வயது லோரான் பிளான். ஸ்டாமின் சுயசரிதைப் பகுதிகள் ஒரு நாளேட்டில் வெளியாகிச் சலசலப்பு ஏற்பட்ட நேரம் அது. முந்தைய பருவத்தில் குதிகால் தசைநாண் காயத்தால் அவர் பல மாதம் ஆடவுமில்லை. இவற்றோடு மூன்றாவதாக, அவருடைய டாக்கிள் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ஆட்டம் இறங்குகிறது என்று முடிவு கட்டினார்கள் என்றும் கால்பந்துப் புள்ளிவிவரக்காரர்கள் நடுவே பேச்சு உண்டு. எது எத்தனை பங்கு என்று வெளியே இருப்பவர்கள் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரை விற்றது தவறு என்று மேலாளர் ஃபெர்குசனே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

டாக்கிள் எண்ணிக்கையை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஓர் அணியிடம் 65 சதவீத நேரம் பந்து இருக்கிறது. அதன் ஸ்டாப்பர் ஆட்டத்துக்கு 2 டாக்கிள் செய்கிறார். இன்னோர் அணியிடம் 40 சதவீதம்தான் பந்து. அதன் ஸ்டாப்பர் 3 டாக்கிள் செய்கிறார். பட்டியலில் இரண்டாமவர் மேலே இருப்பார். ஆனால் டாக்கிள் செய்வதற்கு எதிராளியிடம் பந்து இருந்தாக வேண்டுமல்லவா? முதலாமவருக்குக் கிடைத்த வாய்ப்பு 35 சதவீத நேரம், இரண்டாமவருக்கு 60. இருவரையும் 50 சதவீதத்துக்குச் சமப்படுத்தினால், 2ஐ 50ஆல் பெருக்கி 35ஆல் வகுக்க 2.86. 3ஐ 50ஆல் பெருக்கி 60ஆல் வகுக்க 2.5. வரிசை தலைகீழாகிவிட்டது. இதுவும்கூட டாக்கிளை மட்டுமே அளக்கிறது. சரியான இடத்தில் நின்றதால் அந்தப் பக்கம் பாஸே போகவில்லை என்றால், அந்த வேலை எந்த எண்ணிலும் ஏறாது. அனுபவம் கூடக் கூட டாக்கிள் குறைவது ஸ்டாப்பர்களிடம் இயல்பு.

வாங்கிய கோல்களை எண்ணினாலும் ஏமாறுவோம். ஸ்டாம் ஆடிய 1999–2000 பருவத்தில் யுனைடெட் லீகில் வாங்கியது 45 கோல். அவர் போனபின் 2001–02இல் வாங்கியதும் அதே 45. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் அவர் இருந்தாலும் ஒன்று, போனாலும் ஒன்று. ஆனால் முதல் பருவத்தில் 97 கோல் அடித்து, 18 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார்கள். வென்றுவிட்ட ஆட்டங்களில் கடைசி நேரத்தில் வாங்கும் கோல் யாரையும் பாதிக்கவில்லை. ஷ்மைக்கல் போய்விட்டதால் கீப்பர் இடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்ததும் சேர்ந்துகொண்டது. 2001–02இல் சொந்த மைதானத்திலேயே ஆறு லீக் தோல்வி, மூன்றாவது இடம். வாங்கிய கோலை எண்ணுவதோடு நிற்காமல், எந்த நிமிடத்தில், என்ன ஸ்கோர் இருக்கும்போது வாங்கியது என்று பார்த்தால்தான் இரண்டு 45களுக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

இத்தாலியில் அவர் போய் நின்றது வேறு பள்ளிக்கூடம். லாசியோவில் முதல் பருவம் பக்கத்தில் இத்தாலிய ஸ்டாப்பர் நெஸ்டா. அங்கே நான்கு பின்கள வீரர்களும் ஒரே கயிற்றில் கட்டியது போல நகர வேண்டும். பந்தைப் பின்னால் தட்டினார்களா, அல்லது பந்து வைத்திருப்பவர் தலை குனிந்து முதுகைக் காட்டினாரா, உடனே வரிசை மூன்று முதல் ஐந்து மீட்டர் மேலே ஏற வேண்டும். அவர் தலை நிமிர்ந்து, முன்னால் ஆளில்லாமல், அடிக்கத் தயாராக இருந்தால் வரிசை இறங்க வேண்டும். மூன்று பேர் ஏறி ஒருவர் ஓர் அடி பின்தங்கினாலும் எதிராளி ஆஃப்சைடு (பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) இல்லை. அவர் தனியாகக் கீப்பரை நோக்கிப் போவார். அந்த ஒருவர் பெரும்பாலும் பந்து இல்லாத பக்கத்தில் நிற்கும் பக்கவாட்டு வீரர்தான். வெளியிலிருந்து வரும் புதிய ஸ்டாப்பர் தடுமாறுவது இந்த ஏற்றத்தின் நேரத்தில்தான். இங்கிலாந்தில் எதிராளியைப் பார்த்து நகர்ந்து பழகியவர், இங்கே பந்தையும் பக்கத்தில் நிற்பவரையும் பார்த்து நகர வேண்டும்.

லாசியோவில் அவருக்கு வந்த இடி வேறு. 2001 அக்டோபரில் அட்லாண்டாவுடன் ஆடிய ஆட்டத்துக்குப் பின் எடுத்த சோதனையில் நான்ட்ரோலோன் என்ற தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து இருப்பதாக முடிவு வந்தது. தான் எதுவும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். ஐந்து மாதத் தடை, மேல்முறையீட்டில் நான்கு மாதமாகக் குறைந்தது. அதே காலத்தில் யுவென்டஸின் எட்கர் டேவிட்ஸ், பார்சலோனாவின் ஃப்ராங்க் டி புவர் ஆகியோரும் இதே பொருளுக்காகத் தடை பெற்றார்கள். அன்றைய வரம்பு சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம். அத்தனை நுண்ணிய அளவை ஓர் அசுத்தமான சத்துமாவு டப்பாகூடத் தாண்டவைத்துவிடும். உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, எப்படி வந்தது என்பது தண்டனையின் அளவைத்தான் குறைக்கும். லீக் மாறும் வீரர் புதிய ஊரில் யார் கொடுக்கும் மாத்திரையையும் பவுடரையும் அணி மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடக் கூடாது, டப்பாவின் தொகுதி எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். நம் மாநில அணிகளில் ஆடும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

தடை முடிந்து வந்தவர் 2004இல் யுவென்டஸை வென்று லாசியோவுக்கு இத்தாலியக் கோப்பை எடுத்துக் கொடுத்த அணியில் இருந்தார். அடுத்து ஏசி மிலான். காஃபூ, ஸ்டாம், நெஸ்டா, மால்டினி: அந்த நால்வரை விடச் சிறந்த பின்வரிசை அந்தப் பத்தாண்டில் இல்லை என்பது எங்கள் கருத்து. அவர்கள்தான் 2005 மே 25இல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலுக்கு எதிராக 3–0 என்று முன்னே இருந்து, 54ஆம் நிமிடத்திலிருந்து 60ஆம் நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கி, பெனால்டியில் கோப்பையை விட்டார்கள். நால்வரும் தூங்கிவிட்டார்கள் என்று எழுதுவது எளிது. இடைவேளையில் லிவர்பூல் பக்கவாட்டுப் பின்கள வீரர் ஃபின்னனை எடுத்துவிட்டு நடுகளத்தில் ஹாமனை இறக்கியது. பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஹாமன் காவலுக்கு நின்றதால் ஜெரார்டு மேலே போக முடிந்தது. மிலானின் நடுகளமோ குறுகிய வைர வடிவம், பக்கங்களில் ஆள் கிடையாது. முதல் கோல் பக்கத்திலிருந்து வந்த கிராஸில் ஜெரார்டின் தலை. இரண்டாவது ஷ்மிட்சரின் தொலைதூர அடி. மூன்றாவது பெட்டிக்குள் ஓடிவந்த ஜெரார்டை கட்டூசோ வீழ்த்தியதால் வந்த பெனால்டி. மூன்றும் பின்வரிசைக்கு முன்னால் திறந்துகிடந்த இடத்தில் பிறந்தவை. ஸ்டாப்பருக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

2005–06இல் மிலான் அவரைச் சில ஆட்டங்களில் வலது பக்கவாட்டுக்கு நகர்த்தியது. 33 வயதில், 1.91 மீட்டர் உயரத்தோடு, கோட்டோரம் ஓடும் சிறு உருவங்களைச் சமாளிக்க வேண்டிய இடம். அட்டவணையில் இதற்கும் கட்டம் இல்லை.

2006இல் நாடு திரும்பி அயாக்ஸில் சேர்ந்தார், கேப்டன் ஆனார். 2006–07 லீகில் பிஎஸ்வியும் அயாக்ஸும் தலா 75 புள்ளி. கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் முன்னே இருந்து பிஎஸ்வி பட்டம் வென்றது. 34 ஆட்டத்தில் எங்கோ தடுத்திருக்க வேண்டிய ஒரு கோல், அல்லது அடித்திருக்க வேண்டிய ஒரு கோல். அந்தப் பருவத்தில் அவரோடு பின்வரிசையில் ஆடிய இளைஞர்களில் ஹெய்டிங்காவும் வெர்மாலனும் உண்டு. இருவரும் பிறகு இங்கிலாந்துக்குப் போய் ஆடினார்கள். 2007 அக்டோபரில், பருவத்தின் நடுவிலேயே, ஸ்டாம் ஓய்வை அறிவித்தார். நாட்டுக்காக 67 ஆட்டம், 3 கோல்.

ஆகவே விளையாட்டுப் பக்க ஆசிரியர் குழுவிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பின்கள வீரர் என்று பொதுவாகப் போடாமல் ஸ்டாப்பரா, பக்கவாட்டு வீரரா என்று பிரித்துப் போடுங்கள். ஆட்டங்களின் எண்ணிக்கைக்குப் பதில் ஆடிய நிமிடங்களைப் போடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் இறங்கியதும் ஓர் ஆட்டமாக எண்ணப்படுகிறது. அவர் களத்தில் இருந்தபோது அணி வாங்கிய கோலையும், இல்லாதபோது வாங்கியதையும் 90 நிமிடத்துக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கொடுங்கள். உதாரணமாக 38 ஆட்டப் பருவத்தில் ஒருவர் 2,700 நிமிடம் ஆடி அணி 27 கோல் வாங்கினால் 0.9. அவர் இல்லாத 720 நிமிடத்தில் 10 கோல் என்றால் 1.25. கீப்பர் மாறியிருந்தால் அதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தால் போதும். பழைய பருவங்களுக்கும் ஆட்டக் குறிப்புகளிலிருந்து, ஆள் மாறிய நிமிடத்தையும் கோல் விழுந்த நிமிடத்தையும் வைத்து, இதைக் கணக்கிட முடியும்.

கோல் என்ற கட்டத்தை எடுத்துவிட மனமில்லை என்றால் இருக்கட்டும். அதன் பக்கத்தில் ‘ஜோடி’ என்று ஒரு கட்டம் சேருங்கள். ஸ்டாமுக்கு அதை நிரப்பினால் பிஎஸ்வியில் ஃபாபர், யுனைடெட்டில் யோன்சன், பெர்க், சில்வெஸ்டர், பிரவுன், லாசியோவில் நெஸ்டா, கூட்டோ, மிஹாயிலோவிச், மிலானில் மறுபடி நெஸ்டா, மால்டினி, அயாக்ஸில் ஹெய்டிங்கா, வெர்மாலன், நாட்டு அணியில் ஃப்ராங்க் டி புவர் என்று வரும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை – 39